கடல் கடந்து போன ஒரு கோடை

(திருவரங்குளத்திலிருந்து வந்துபோகும் ஒரு மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோதே பேரவைச் செயலாளர் ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார். "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா. ஏற்கனவே பதினேழு வந்து கெடக்கு. அதுல பதினாலு காதல் தோல்வி." ஆகவே பதினைந்தாவது தோல்வியை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். தலைப்பைப் பார்த்து, இவன் ஏதோ விமானம் ஏறிப் போய் வந்தவன் என்று எண்ணிவிட வேண்டாம். நான் இதுவரை தாண்டிய பெரிய எல்லை துவாக்குடி டோல்கேட்தான். போய் வந்தவர் எங்கள் தெரு அண்ணன்.

அவர் நமக்கு அந்நியர் அல்ல. இதே பாலிடெக்னிக்கில் இதே மெக்கானிக்கல் படித்தவர். நாம் இன்று ஆடிக்கொண்டிருக்கும் அதே ஸ்டூலில் ஹைட்ராலிக்ஸ் லேபில் அவரும் ஆடியவர். டிப்ளமா முடித்து, நேரடி இரண்டாமாண்டில் பி.இ. சேர்ந்தார். மூன்றாம் ஆண்டு முடிந்த 2025 கோடையில் ஒரு உதவித்தொகை கிடைத்து, ஜெர்மனியில் கோட்டிங்கன் என்ற ஊரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் பத்து வாரம் இருந்துவிட்டு வந்தார். உடனே கிடைத்துவிடவில்லை. 46 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாராம். பதில் போட்டவர்கள் நாலு பேர். அதில் மூன்று பேர் "இடமில்லை, வாழ்த்துகள்!"

அவர் திரும்பி வந்த மறுவாரம், சிவன் கோயில் பக்கத்து டீக்கடையில் நாங்கள் ஐந்தாறு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

"அண்ணே, ஃபாரின் எப்படிண்ணே இருந்துச்சு?"

"பாத்திரம் கழுவக் கத்துக்கிட்டேன்டா தம்பி."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை தொடங்கிய பேச்சு, கடைக்காரர் பெஞ்சை உள்ளே எடுத்துப் போடும்வரை நடந்தது. அதற்குப் பிறகும் பல மாலைகள் பேசியிருக்கிறோம். அதில் கேட்டதும், கேட்டபின் எனக்குத் தோன்றியதும்தான் இது.

ஏன் காற்று பற்றிய ஆராய்ச்சி என்று முதலில் கேட்டேன். "கஜா" என்றார் ஒரே வார்த்தையில். 2018 நவம்பர் 16 விடியற்காலை அந்தப் புயல் கரை கடந்தபோது அவர் ஒன்பதாம் வகுப்பு. நம் பக்கத்தில் அன்று தென்னையும் பலாவும் சாய்ந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரை உறுத்தியது வேறு. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை அப்படியே தூக்கிக்கொண்டு போய் குளத்துக் கரையில் விழுந்தது. அதற்கு அடுத்த வீட்டுக் கூரை அசையவில்லை. ஒரே தெரு, ஒரே காற்று! கூரையைக் காற்று தள்ளுவதில்லை, மேலே ஓடும்போது உறிஞ்சித் தூக்குகிறது என்பது பிறகு பாடத்தில் வந்தது. ஆனால் எந்தக் கூரையை, எந்தச் சரிவில், எவ்வளவு? அந்தக் கேள்வி அவரோடு பாலிடெக்னிக்குக்கும் வந்தது, கோட்டிங்கனுக்கும் போனது.

வெளிநாடு என்றதும் நம் கண்ணில் வருவது சினிமாப் பாட்டுதானே? பனிமலை, நீளமான கோட்டு, கதாநாயகியின் பின்னால் ஓடும் இருபது வெள்ளைக்காரர்கள்... அண்ணன் சொன்ன வெளிநாட்டில் பனியும் இல்லை, பாட்டும் இல்லை. மாணவர் விடுதியில் ஒரு அறை. பன்னிரண்டு பேருக்கு ஒரு சமையலறை. குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. முதல் வாரம் தோசைக்கல்லைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் அதன்மேல் ஒரு சீட்டு: "இந்தப் பாத்திரத்துக்கு உரிமையாளர் யாராவது இருக்கிறாரா?" கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததாம். வீட்டில் சாப்பிட்ட தட்டை அம்மா எடுத்துப் போவாள், அக்கா கழுவுவாள். இருபது வருஷம் அந்தத் தட்டு எங்கே போகிறது என்றே யோசித்ததில்லை. இதைச் சொல்லும்போது எங்களில் ரெண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். நானும் அதில் ஒருவன்.

சாப்பாட்டுக் கணக்கு தனிக்கதை. ஒரு யூரோ என்றால் நம் காசுக்கு ஏறத்தாழ நூறு ரூபாய். கொத்தமல்லிக் கட்டைக் கையில் எடுப்பது, மனசுக்குள் நூறால் பெருக்குவது, திரும்ப வைப்பது. பத்து நாள் இப்படிப் பெருக்கிப் பெருக்கி மூணு கிலோ இளைத்துப் போனார். அப்புறம் பெருக்குவதை நிறுத்தினார். அந்த ஊர்ச் சம்பாத்தியத்தை அந்த ஊர் விலையோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டினிதான். புளி, ஆசியக் கடை ஒன்றில் கிடைத்தது, அதுவும் தாய்லாந்துப் புளி. ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் அடைப்பு. இது தெரியாமல் முதல் ஞாயிறு பால் இல்லை, காய் இல்லை, ஊரிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயும் சோறும். காலித் தண்ணீர் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், அது நாம் வாங்கும்போதே கட்டிய முன்பணம். விடுதியில் மற்றவர்கள் வராந்தாவில் விட்டுவைத்த பாட்டில்களையும் அனுமதி கேட்டு எடுத்துப் போட்டு, சைக்கிளுக்கு ஒரு பூட்டு வாங்கிவிட்டார். "இத ஊர்ல சொல்லாதீங்கடா, ஜெர்மனி போய் பாட்டில் பொறுக்குனான்னு பேரு வந்துரும்" என்றார். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். மன்னிக்கவும் அண்ணே!

ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம். தூக்கம் வராமல் ஜன்னலுக்கு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டுத் தூங்கியிருக்கிறார். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஐந்தரைக்குக் கூப்பிட்டால் இங்கே அம்மா ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தப் போகும் நேரம். "சாப்பிட்டியாப்பா?" "ஆச்சும்மா, சாம்பார்." கையில் இருந்தது ரொட்டியும் வெண்ணெயும். அதற்கு மேல் அந்தப் பகுதியை அவர் விரிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இவருக்காவது கையில் செல்போன் இருந்தது. அதே ஊருக்கு, அதே போல ஒரு கோடையில், நம் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் 1931லேயே போயிருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930 ஜூலை 31 பம்பாயில் கப்பல் ஏறியபோது வயது 19. அந்தக் கப்பலிலேயே கணக்குப் போட்டு, நட்சத்திரங்கள் தம் முடிவுக்காலத்தில் இந்த எடைக்கு மேல் வெள்ளைக் குள்ளனாக இருக்க முடியாது என்ற எல்லையின் முதல் வடிவத்தைக் கண்டவர். 1983ல் நோபல் பரிசு வாங்கியபோது உலகமே பேசியது. ஆனால் 1931 கோடை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். கேம்பிரிட்ஜில் முதல் வருடம் முடிகிற நேரம். அந்த மே மாதம் சென்னையில் அவருடைய தாயார் சீதாலட்சுமி காலமாகிவிட்டார். நோயில் படுத்திருந்த தாயை விட்டுத்தான் அவர் கப்பல் ஏறியிருந்தார். திரும்பி வந்து முகம் பார்க்க வழியில்லை. கடிதம் கப்பலில் வர வாரக்கணக்கு. அந்தத் துக்கத்தோடுதான் கோட்டிங்கனில் மாக்ஸ் போர்ன் நடத்திய நிறுவனத்தில் அந்தக் கோடையைக் கழித்தார். மேதைகளின் வாழ்க்கை வரலாறு படிக்கும்போது சமன்பாடுகளை மட்டும் மதித்துவிட்டு இந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறோம். தனியாக ஒரு அறையில், தெரியாத பாஷை பேசும் ஊரில், அழுதாலும் காலையில் எழுந்து வேலைக்குப் போகிற திராணி... அதற்கு எந்தப் பரிசும் கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். உண்மையில் நான் எழுத நினைத்தது இந்தப் பகுதியைத்தான்.

காலை எட்டரைக்குக் கூடத்தில் இருக்க வேண்டும். அவரைக் கவனித்துக்கொண்ட ஆராய்ச்சி மாணவி, பெயர் சொல்லிக் கூப்பிடு என்றிருக்கிறார். அண்ணனுக்கு "மேடம்" போடாமல் வாய் வரவில்லை. முதல் மூன்று வாரம் என்ன ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? கசிவு தேடினார்! காற்றுச் சுரங்கம் என்பது ஒரு பெரிய பெட்டி. ஒரு பக்கம் விசிறி, நடுவில் நாம் வைக்கும் மாதிரிக் கூரை. அந்தக் கூரையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு மெல்லிய டியூப் அழுத்தமானிக்குப் போகும். அறுபது துளைக்கு அறுபது டியூப். ஒவ்வொன்றையும் ஊதி, அடைத்து, எங்கே காற்று விடுகிறது என்று பார்ப்பது. "நான் ராக்கெட் விடப் போறேன்னு நெனச்சேன், அங்க போனா சைக்கிள் கடை பஞ்சர் வேல" என்றார்.

நாலாவது வாரம் ரீடிங் எடுக்கத் தொடங்கினார். அறுபதில் ஒரு துளை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. வரைபடத்தில் ஐம்பத்தொன்பது புள்ளிகள் அழகாக ஒரு வளைவில் உட்கார்ந்தன. ஒரு புள்ளி மட்டும் தனியாகத் தள்ளி நின்றது, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பங்காளி மாதிரி. அண்ணன் என்ன செய்தார்? நாம் என்ன செய்வோமோ அதைச் செய்தார். எண்ணை மாற்றி எழுதி, அந்தப் புள்ளியையும் வளைவுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

மறுநாள் அந்த மாணவி வரைபடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நோட்டைக் கேட்டார். நோட்டில் அழித்து எழுதிய தடம் இருந்தது. "பழைய எண் என்ன?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. அண்ணனுக்கோ தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்ததாம். பழைய எண் நினைவில் இல்லை. திரும்பவும் முழுப் பரிசோதனை, ஒன்றரை நாள் வேலை. அந்தப் புள்ளி மறுபடியும் தள்ளியே நின்றது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். மூன்று பேர் கூடி ஆலோசித்தார்கள். கணினியில் கோளாறா, அழுத்தமானியில் கோளாறா, காற்றே அங்கே அப்படித்தான் ஓடுகிறதா என்று ஒரு பகல் போனது. அண்ணன் அந்தத் துளையின் மேல் சுண்டுவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார். நகத்தில் லேசாக ஏதோ தட்டியது. பிசிறு! டிரில் போட்டபோது துளையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு நின்றுவிட்டது. அதில் காற்று தடுக்கி, அழுத்தம் தப்பாகக் காட்டுகிறது. ஆயில் ஸ்டோன் ஒன்று வாங்கி மெதுவாக இழுத்தார். புள்ளி தானாக வளைவில் வந்து உட்கார்ந்தது. முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில், "பிசிறு எடுக்காத ஜாப் என் மேசைக்கு வரக்கூடாது" என்று நம்மை விரட்டிய பயிற்றுநர் அன்று கோட்டிங்கனில் நின்று சிரித்திருப்பார்.

முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் கண்டுபிடிக்காததை இவர் கண்டுபிடித்தார் என்று மார்தட்டச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு தனக்குத் தெரியாது என்று அண்ணனே சொன்னார். ஆனால் நம் கைக்கு ஒரு விவரம் தெரியும். அதற்கு ஆராய்ச்சிக் கூடத்தில் மதிப்பு உண்டு. அந்த மதிப்பு நமக்கே தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்த ஊரின் பெரிய பெயரே இப்படி ஒரு பட்டறை வேலையில்தான் தொடங்கியது. லுட்விக் பிராண்டல் என்பவர் 1900ல் படிப்பு முடித்து நூரம்பர்க் நகரத்து எம்.ஏ.என். இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, பட்டறையில் சேரும் மரச்சீவல்களை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அமைப்பைச் சரிசெய்வது. விரிந்து செல்லும் ஒரு குழாயில் அழுத்தம் கணக்குப்படி மீண்டும் ஏற வேண்டும். ஏறவில்லை. இன்னொருவராக இருந்தால் ஏறியதாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவர் ஏன் ஏறவில்லை என்று கேட்டார். ஓட்டம் குழாய்ச் சுவரை விட்டுப் பிரிந்து விடுகிறது என்று கண்டார். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போய்த்தான் 1904ல் ஹைடல்பர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் எல்லைப் படலம் பற்றிய தன் கருத்தைச் சொன்னார். அதே ஆண்டு கோட்டிங்கனுக்குப் பேராசிரியராக வந்தார், காற்றுச் சுரங்கம் கட்டினார். இன்று பறக்கும் எந்த விமானத்தின் இறக்கைக்குப் பின்னாலும் அந்த மரச்சீவல் குழாய் இருக்கிறது.

நண்பர்களே, நம் வென்சுரிமீட்டரை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகும் கூம்பு குட்டை, வெளியே வரும் கூம்பு நீளம். ஏன் என்று வைவாவில் கேட்டால், "தெரியும் சார்... மறந்துருச்சு சார்" என்கிறோமே, அதற்குப் பதில் இதுதான். திடீரென்று விரித்தால் ஓட்டம் சுவரை விட்டுப் பிரியும், அழுத்தம் திரும்பாது. பிராண்டல் பார்த்த அதே விஷயம் நம் லேப் மூலையில் பச்சைப் பெயிண்ட் அடித்து நிற்கிறது. நாமோ அதனிடம் எதையும் கேட்பதில்லை. சி.டி. மதிப்பு 0.97 என்று முன்கூட்டியே தெரியும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுகிறோம்.

ஒளிக்க என்ன இருக்கிறது? நானும் அப்படித்தான். போன வருட சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி இலக்கத்தை மட்டும் அங்கொன்று இங்கொன்றாக மாற்றி எழுதினேன். அந்த சீனியரும் தன் சீனியரைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். மூலப் பிரதி எந்த ஆண்டில், எந்த மகானால் எழுதப்பட்டதோ தெரியாது! நமக்கு மார்க்கும் கிடைத்தது, அட்டை போட்டதற்கும் கோடு போட்டதற்கும். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஒரு பேட்ச்சுக்குப் பதினைந்து பேர், ஒரு மோட்டார், மூன்று மணி நேரம். அதற்குள் ஆறு செட் ரீடிங் எடுத்து, அது தப்பாக வந்து, ஏன் என்று யோசிக்க நேரம் ஏது? நியாயம்தான். ஆனால் தப்பாக வந்த ரீடிங்கை எழுதினால் மார்க் குறையும் என்ற பயம் இருக்கிறதே, அதுதான் நம்மைக் கெடுக்கிறது. அண்ணன் கோட்டிங்கனில் எண்ணை மாற்றினாரே, அந்தக் கை அங்கே போய்ப் பழகியதல்ல. இங்கே மூன்று வருஷம் பழக்கிய கை.

அதே 2025 கோடையில் நானும் பயிற்சிக்குப் போனேன். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்கு உள்ளே. நாலு வாரம். முதல் வாரம் எதையும் தொடாதே என்றார்கள். இரண்டாம் வாரம் ஓரமாக நில் என்றார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து டீ வாங்கி வந்தேன். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள், அதில் நான் சி.என்.சி. இயந்திரத்தில் பயிற்சி பெற்றதாக அச்சாகியிருந்தது. அண்ணனிடம் முதல் நாளே கூடத்துச் சாவியும், ஆறு பக்கப் பாதுகாப்பு விதிகளும், ஒரு காலி நோட்டும் கொடுத்தார்களாம். நோட்டில் பக்க எண் அச்சிட்டிருக்கும், எந்தப் பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. எனக்குப் பொறாமை வந்தது விமானத்தைக் கேட்டு அல்ல, ஐரோப்பாவைக் கேட்டு அல்ல. அந்தச் சாவியையும் நோட்டையும் கேட்டுத்தான்.

"அதெல்லாம் டிகிரிக்காரங்க சமாச்சாரம்டா, நமக்கு எதுக்கு ஆராய்ச்சி? முடிச்சமா, வேலைக்குப் போனமா, வீட்டுக் கடனை அடைச்சமான்னு இருக்கணும்" என்கிறான் என் பக்கத்து இருக்கை நண்பன். அவன் அப்பா பட்ட கடனை நான் அறிவேன். அவன் சொல்வதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. கோடையில் நாலு வாரம் கம்பி கட்டப் போனால் அவன் வீட்டுக்கு ஒரு மாத அரிசி வரும். உதவித்தொகை இல்லாத எந்தப் பயிற்சியும் அவனைப் போன்றவர்களுக்குக் கதவை மூடிவிடும். ஆகவேதான் சொல்கிறேன், பயிற்சி என்றால் படியும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆனால் "நமக்கு எதுக்கு" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலைக்குப் போன இடத்தில் ஒரு பம்பு கணக்குப்படி தண்ணீர் தரவில்லை என்றால், தந்ததாக எழுதுகிறவனுக்கும் ஏன் தரவில்லை என்று பார்க்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா?

வெளிநாட்டுக் கோடைப் பயிற்சி அறிவிப்புகளைத் தேடித் தேடிப் படித்தேன். ஜெர்மனியின் 'வைஸ்', கனடாவின் 'குளோபலிங்க்' என்று நான் பார்த்தவை எல்லாம் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கானவை. நம் மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024 ஜூனில் பொறியியல், கலை அறிவியல் கல்லூரி மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். டிப்ளமாக்காரனுக்கென்று அப்படி ஒரு வரிசை வேண்டும் என்று நம் பேரவை மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அந்த மனுவுக்குப் பதில் வரும்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

காரைக்குடி எவ்வளவு தூரம்? புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம், 1953ல் திறக்கப்பட்டது. துருப்பிடித்தலும் பேட்டரியும் முலாம் பூசுதலும் அவர்கள் வேலை. துருவைப் பற்றி மெக்கானிக்கல்காரனுக்குத் தெரியாததா? அதைவிடப் பக்கம், ஆலங்குடி ரோட்டில் வம்பன். பயறு வகை ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் அங்கே இருக்கிறது. வம்பன் உளுந்து ரகங்கள் தமிழ்நாடு முழுக்க விதைக்கப்படுகின்றன. நம் வீட்டுத் தோசையில் வம்பன் இருக்கிறது, நாமோ அந்த வாசலைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறோம். விதைப்புக் கருவி, உமி நீக்கும் இயந்திரம் என்று டிப்ளமா மாணவன் கைக்கு அங்கே வேலை இருக்காதா? கேட்டுப் பார்த்தவர் யார்? அண்ணன் 46 கடிதம் எழுதினார். நாம் ஒன்றாவது எழுதினோமா?

பேரவைக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நம் துறைத் தலைவரிடம் நாம் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்போம்: அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதுகிறோம், அழிக்க மாட்டோம். ரீடிங் தப்பாக வந்தால் தப்பாகவே இருக்கட்டும், ஏன் தப்பு என்று நாலு வரி எழுதுகிறோம். அந்த நாலு வரிக்கு மார்க் போடுங்கள், அட்டைக்குப் போட வேண்டாம். இதற்கு விசாவும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாதே என்று, போன மாதம் எங்கள் பேட்ச்சில் நாலு பேர் சேர்ந்து வென்சுரிமீட்டரை ஒழுங்காகச் செய்து பார்த்தோம். சீனியர் நோட்டு கிடையாது. மேனோமீட்டரில் காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்றி, ஸ்டாப் வாட்ச் பிடித்து, ஆறு செட். சி.டி. மதிப்பு எவ்வளவு வந்தது தெரியுமா? 0.88! மறுபடி எடுத்தோம். 0.87. கணக்கைச் சரிபார்த்தோம், குழாய் விட்டத்தை அளந்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. "பேசாம 0.97ன்னு போட்டுட்டுப் போலாம்டா, கேண்டீன் மூடிருவான்" என்றான் பக்கத்து இருக்கை நண்பன். அவனேதான் அப்புறம் குனிந்து பார்த்தான். தண்ணீர் சேரும் தொட்டியின் வடிகால் வால்வு, இறுக்கி மூடிய பிறகும், நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. சேருகிற தண்ணீரில் ஒரு பங்கு கீழே போய்க்கொண்டே இருந்தால் அளவு குறையாமல் என்ன செய்யும்?

வாஷர் தேய்ந்து போயிருந்தது. நண்பன் ஆலங்குடி ரோட்டுக் கடையில் பத்து ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்து மாட்டினான். 0.96.

லேப் உதவியாளர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். "அது அஞ்சு வருஷமா ஒழுகுதுப்பா" என்றார். "யாருமே கேக்கலயே."

அந்த ஐந்து வருட ரெக்கார்டு நோட்டுகள் ஸ்டோர் ரூம் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. போய்ப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 0.97. ஒன்று கோட்டிங்கன் போய் வந்த அண்ணனுடையது, பச்சை அட்டை போட்டு, அழகான கையெழுத்தில்.